ஐம்பதில் ஒருத்தி

சின்ன வெங்காயத்துக்குப் பெரம்பலூர், சிமெண்டுக்கு அரியலூர் என்று நமக்குத் தெரியும். அந்தப் பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேடிப் பொறுக்கும் ஆசிரியர்களைத் தெரியுமோ?

இதற்கென்று தனி உத்தியோகம் கிடையாது. கணக்கு வாத்தியாரோ, விஞ்ஞான டீச்சரோதான் இதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு வருகிறது. மாவட்டத்துக்கு 50 பையன்கள், 50 பெண்கள். தேறினால் பிளஸ் டூ முடிய ஆண்டுக்கு 1000 ரூபாய்.

"பூ, ஆயிரந்தானா?" என்பீர்கள். நல்லதாக ஒரு புடவைக்குக் காணாதுதான். ஆனால், "உங்கள் மகள் ஜில்லாவில் ஐம்பதில் ஒருத்தி" என்று டீச்சர் வந்து சொன்ன பிறகு, அவளைப் பள்ளியை நிறுத்திப் பருத்தி எடுக்கக் கூப்பிட எந்தத் தாய்க்கு மனசு வரும்? அந்தத் தாயை வருமானச் சான்று வாங்கத் துரத்துவதும் டீச்சர் வேலையே.

2010-களில் பெரம்பலூர்க் கலெக்டராயிருந்த தரேஸ் அகமது, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 'சூப்பர் 30' வகுப்பு நடத்தினார். பாட்னாவில் ஆனந்த்குமார் 2002-ல் ஆரம்பித்த வகுப்பின் பெயர் அது. டாக்டருக்கும் இன்ஜினீயருக்கும் படிக்கப் போனார்கள் சிலர். மெத்தச் சந்தோஷம். முப்பத்தோராவதாக நின்ற பெண்ணுக்கு மறுநாள் காலையில் பாடம் சொன்னவர் யார்? அவளுடைய பழைய டீச்சர்தான்.