பழைய நிரல்களும் புதிய பணிசெயல் முறைமையும்

கணினியின் பணிசெயல் முறைமையைப் புதுப்பித்த மறுநாள், நேற்றுவரை குறைவின்றி இயங்கிய நிரலொன்று திறக்கவே மறுப்பதைக் கண்டு மயங்காதார் அரியர். திரையிலே சாளரம் தோன்றுவதில்லை. அதற்குப் பதிலாக விளங்காத செய்தியொன்று இரண்டு வரியில் வந்து நிற்கிறது. நிரலின் மூலத்தைக் கையில் வைத்திருப்போர், அதனை மீளத் தொகுத்துக்கொள்ளலாம் என்று முயல்வர். அம்முயற்சியும் நடுவழியிலே தடைப்படும்போது, 'இந்நிரலின் காலம் முடிந்தது' எனக் கைவிடுவோரே பலர். அவ்வாறு கைவிட வேண்டியதில்லை. தடை எங்கே நேர்கிறது, ஏன் நேர்கிறது என்பவற்றை அறிந்தால் பெரும்பாலான நிரல்களை மீட்டுக்கொள்ளலாம். தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று வினவும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தல் வேண்டும். நிரல் என்பதும் ஒரு மொழியிலே எழுதப்படும் நூல்தான். அதற்கும் இலக்கணமுண்டு, வழக்கொழிதலும் உண்டு.

மனிதர் எழுதும் நிரல் மூலம் எனப்படும். அதனைக் கணினிக்கு விளங்கும் எண்வடிவாக மாற்றும் கருவியே தொகுப்பி. சாளரமும் பொத்தானும் பட்டியலும் உடைய நிரலை எழுதுவோர் ஒவ்வொரு கோட்டையும் தாமே வரைவதில்லை. அவ்வேலையைச் செய்யும் நிரல் நூலகங்கள் முன்னரே உள்ளன. அவற்றை அழைத்தாற் போதும். செய்யுள் இயற்றும் புலவன் சொல்லுக்கெல்லாம் தானே பொருள் வரையறுத்துக் கொண்டிராமல், நிகண்டொன்று உண்டென்று நம்பி எழுதுவது போன்றது இது. நிகண்டின் அடுத்த பதிப்பிலே சில சொற்கள் நீக்கப்பட்டும் சில வேறு பெயரில் அமைந்தும் இருந்தால், பழைய செய்யுளைப் படிப்போன் இடர்ப்படுவான். செய்யுளிலே குற்றமில்லை, நிகண்டிலும் குற்றமில்லை. இரண்டுக்கும் இடையே காலம் புகுந்துவிட்டது.

லினக்ஸ் உலகிலே இந்நிகண்டுகளின் வரலாறு சுவையானது. திரையிலே சாளரங்களை அமைக்கும் எக்ஸ் முறைமை 1984 இல் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திலே தோன்றியது. அதன் பதினோராம் பதிப்பு 1987 இல் வந்தது. அதன்பின் பன்னிரண்டாம் பதிப்பு வரவேயில்லை. அதன்மேல் நின்று பொத்தான்களையும் பட்டியல்களையும் தரும் நூலகங்களுள் ஒன்று ஜீ.ரீ.கே. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்து மாணவர்களான ஸ்பென்சர் கிம்பாலும் பீற்றர் மற்றிசும் கிம்ப் என்னும் படந்திருத்தும் நிரலை 1995 இல் எழுதத் தொடங்கினர். முதலில் மோட்டிப் என்னும் வேறொரு நூலகத்தைப் பயன்படுத்திய அவர்கள், பின்னர் அதனை விடுத்துத் தம் நிரலுக்கென்றே ஒரு நூலகத்தை ஆக்கிக்கொண்டனர். அதுவே ஜீ.ரீ.கே. ஒரு நிரலுக்கெனப் பிறந்த அந்நூலகம் பின்னர் க்நோம் என்னும் முழு மேசைத்தளத்துக்கே அடித்தளமாயிற்று. அதன் இரண்டாம் பதிப்பு 2002 இலும், மூன்றாவது 2011 இலும், நான்காவது 2020 டிசெம்பரிலும் வெளிவந்தன. நான்காவது வந்த அதே மாதத்தில் இரண்டாவதன் இறுதித் திருத்தமும் வெளியிடப்பட்டு, அதன் பராமரிப்பு முடிவுற்றது.

நிற்க. நம் பழைய மாணவருள் ஒருவர், தாம் மாணவராயிருந்த 2009 ஆம் ஆண்டில் எழுதிய சிறு நிரலொன்றை அண்மையில் என்னிடம் கொணர்ந்தார். செய்யுளைத் தட்டச்சிட்டால் அது நேரசை, நிரையசை எனப் பிரித்துக் காட்டும். எந்த அசை எத்துணை வந்தது என்பதை வட்ட வரைபடமாகவும் வரையும். வகுப்பறைக்கு மிக உகந்த கருவி. அதனை அவர் அக்காலத்து டெபியன் 5 இல், 32 பிற்றுக் கணினியொன்றிலே, ஜீ.ரீ.கே. இரண்டாம் பதிப்பைக் கொண்டு எழுதியிருந்தார். அக்கணினி பழுதாகிவிட்டது, எஞ்சியது மூலம் மட்டுமே. அதனை 2025 இல் வெளிவந்த டெபியன் 13 இலே தொகுக்க முயன்றபோது நேர்ந்தவை ஒவ்வொன்றும் பொதுவாக எல்லோருக்கும் நேர்பவையாதலின், அவற்றை வரிசையாகவே கூறுகின்றேன்.

முதற்றடை, நூலகமே காணவில்லை என்பது. 'ஜீ.ரீ.கே. என்னும் பொதி தேடுவழியில் இல்லை' என்றது செய்தி. இது பிழையன்று, வெறும் வெற்றிடமே. நிரல்களை இயக்குவதற்கு வேண்டிய நூலகம் வேறு. நிரல்களைத் தொகுப்பதற்கு வேண்டிய தலைப்புக் கோப்புகள் வேறு. நிகண்டும் அதன் சொல்லட்டவணையும் தனித்தனி நூலாகக் கட்டப்பட்டிருப்பதாகக் கொள்க. சாதாரணப் பயனருக்கு அட்டவணை வேண்டாமையால் பணிசெயல் முறைமை அதனைத் தானாக நிறுவுவதில்லை. டெபியனில் 'டெவ்' என்றும் பெடோராவில் 'டெவெல்' என்றும் முடியும் பெயருடைய பொதிகளே அவ்வட்டவணைகள். புதுப்பித்தலின்போது பழைய அட்டவணைகள் நீக்கப்பட்டுவிடுதலும் உண்டு. உரிய பொதியை நிறுவியதும் இத்தடை நீங்கியது. மீளத்தொகுப்பை முதற்செய்தியிலேயே கைவிட்டோருள் பலர் இவ்வெளிய தடையிலே நின்றுவிட்டவர்கள் என்பது என் எண்ணம்.

அப்பிள் கணினியாளருக்கும் இத்தகைய அனுபவமுண்டு. 2012 இல் வந்த மவுண்டன் லயன் பதிப்பிலிருந்து எக்ஸ் முறைமை உடன் வருவதில்லை. தனியே பெற்று நிறுவுதல் வேண்டும். 2018 இல் வந்த மொஹாவே பதிப்பின் காலத்திலே, தலைப்புக் கோப்புகள் வழக்கமான இடத்தில் வைக்கப்படுவது நின்றது. பழைய இடத்தையே நம்பி எழுதப்பட்ட தொகுப்புக் கட்டளைகள் அதனால் வழிதவறின.

இரண்டாந் தடை சற்று ஆழமானது. தொகுப்பி இப்போது மூலத்தை வாசித்தது. வாசித்துவிட்டு, 'இச்செயற்கூறு முன்னறிவிக்கப்படவில்லை' என்று கூறி நின்றது. பதினாறு ஆண்டுக்கு முன் இதே மூலத்தை ஏற்றுக்கொண்ட தொகுப்பி இன்று ஏன் மறுக்கிறது? சீ மொழியின் பழைய வழக்கின்படி, முன்னறிவிப்பின்றி அழைக்கப்படும் செயற்கூறு முழு எண்ணொன்றையே விடையாகத் தரும் என்று தொகுப்பி தானே கொள்ளும். 1999 ஆம் ஆண்டின் மொழிவிதி இவ்வழக்கை நீக்கிவிட்டது. எனினும் ஜீ.சீ.சீ. தொகுப்பி எச்சரிக்கை மட்டும் கூறிவிட்டு இருபத்தைந்து ஆண்டுகள் பொறுத்திருந்தது. 2024 இல் வெளிவந்த அதன் பதினான்காம் பதிப்பே அதனைப் பிழையென்று தள்ளியது.

இதனை வீண் கடுமை என்று எண்ணுதல் தவறு. நண்பரின் நிரலிலே ஒரு செயற்கூறு, அசை பிரித்த சொல் நினைவகத்தில் எங்குள்ளது என்னும் முகவரியை விடையாகத் தருவது. 32 பிற்றுக் கணினியில் முழு எண்ணும் முகவரியும் ஒரே அகலமுடையவை. ஆதலால் ஒன்றை மற்றொன்றாகக் கொண்டாலும் கேடில்லை. இன்றைய கணினியிலோ முகவரி 64 பிற்று. முழு எண் 32 பிற்று. முழு எண்ணெனக் கொள்ளப்பட்ட முகவரியின் மேற்பாதி வெட்டுண்டு போகும். நிரல் அவ்வெட்டுண்ட முகவரிக்குச் சென்று, அங்கே ஒன்றுங் காணாமல் விழும். பழைய தொகுப்பியாயின் இந்நிரலைத் தொகுத்தே தந்திருக்கும்; பயனரின் கையிலே அது விழுந்திருக்கும். மறைந்து கிடந்த குற்றத்தை வெளிப்படுத்திய தொகுப்பியை நோவதற்கில்லை. செயற்கூற்றின் பெயரையும் அதன் விடையின் இனத்தையும் தலைப்புக் கோப்பிலே ஒரு வரியில் எழுதியதும் தீர்ந்தது. பழைய விதிப்படியே வாசிக்குமாறு தொகுப்பிக்கு ஆணையிடுதலும் கூடும். ஆனால் இவ்விடத்தில் அது நோயை மூடிவைப்பதாகவே முடிந்திருக்கும்.

ஈண்டு ஒரு குறிப்பு. தொகுப்பி நூறு பிழை காட்டினும் முதற்பிழையையே நோக்குதல் வேண்டும். எஞ்சியவற்றுட் பல, முதலாவதன் நிழல்கள். மாணாக்கர் பெரும்பாலும் கடைசி வரியைப் படித்துக் கலங்குகின்றனர்.

மூன்றாந் தடை இணைக்கும் வேளையில் எழுந்தது, ஒன்றன்று, இரண்டு. தனித்தனியே தொகுத்த பகுதிகளை ஒன்றாக்குவது இணைப்பியின் வேலை. செய்யுளின் அடித்தொகையைக் குறிக்கும் மாறியொன்றைத் தலைப்புக் கோப்பிலேயே நண்பர் வைத்திருந்தார். அக்கோப்பை அழைத்த ஒவ்வொரு பகுதியிலும் அம்மாறி ஒருமுறை பிறந்துவிட்டது. முன்னைய தொகுப்பிகள் அவற்றை ஒன்றாகவே கருதி விட்டன. 2020 இல் வந்த ஜீ.சீ.சீ. பத்தாம் பதிப்பு முதல் அவ்வாறு கருதுவதில்லை. 'ஒரே பெயர் பலமுறை வரையறுக்கப்பட்டது' என்று இணைப்பி மறுக்கிறது. மாறியை ஒரு பகுதியில் மட்டும் பிறப்பித்து, மற்றையவற்றுக்கு 'இது வேறிடத்து உளது' என்று அறிவித்தல் மருந்து.

மற்றது வட்ட வரைபடத்தால் வந்தது. வட்டத்தைப் பிரிக்க சைன், கொசைன் கணித்தல் வேண்டும். அவை கணித நூலகத்தில் உள்ளன. நண்பர் அந்நூலகத்தைத் தம் கட்டளையிலே குறிப்பிடவேயில்லை. ஜீ.ரீ.கே.யை அழைத்தபோது அதனோடு கணித நூலகமும் கூடவே வந்தது. அதனை இவர் நிரலும் பயன்படுத்திக்கொண்டது. விருந்துக்கு அழைக்கப்பட்டவரோடு அழையாமல் வந்தவரைப் போன்றது இது. 2011 அளவில் இணைப்பிகள் இவ்வழக்கை நிறுத்தின: எந்த நூலகத்தை நிரல் நேரே பயன்படுத்துகிறதோ அதனைப் பெயர் கூறி அழைத்தல் வேண்டும் என்பது இன்றைய விதி. கட்டளையின் இறுதியில் கணித நூலகத்தைச் சேர்த்ததும் நிரல் உருவாயிற்று. இறுதியில் என்பதைக் கவனிக்க. இணைப்பி இடமிருந்து வலமாகவே படிக்கும். யாரும் கேட்பதற்கு முன்னரே வந்த நூலகத்தை வேண்டாததென்று அது ஒதுக்கிவிடக்கூடும்.

நிரல் திறந்தது. செய்யுள் திரையில் வந்தது. ஜீ.ரீ.கே.யிலே எழுத்துக்களை வரிசைப்படுத்தித் தருவது பங்கோ என்னும் நூலகம். எல்லாம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லும் மொழி எனப் பொருள்படும் ஜப்பானியச் சொல்லும் கூடியது அப்பெயர். தமிழ் எழுதுவோர் அதற்குக் கடமைப்பட்டிருக்கின்றோம். 'கொ' என்பதைக் கணினி ககர மெய்யும் உயிர்க்குறியும் என இரண்டாகவே வைத்திருக்கும். திரையிலோ கொம்பு முன்னும் கால் பின்னுமாக மூன்று உருவாய் நிற்றல் வேண்டும். எழுத்தைப் பிளந்து இடம்மாற்றும் அவ்வேலையை நிரலாசிரியர் அறியாமலே நூலகம் செய்துவிடுகிறது. இங்கும் காலம் புகாமலில்லை: 2019 இல் வந்த பங்கோ 1.44 பதிப்பு, வகை 1 எனப்படும் பழைய எழுத்துருக்களையும் புள்ளி எழுத்துருக்களையும் ஏற்பதை நிறுத்தியது. புதுப்பித்தபின் எழுத்துக்கு மாற்றாக வெறுங் கட்டங்களைக் காண்போர் தம் எழுத்துருவின் வகையை முதலில் நோக்குவாராக.

மூலம் கைவசமின்றி, தொகுக்கப்பட்ட வடிவம் மட்டும் உள்ளவர்களின் நிலை வேறு. 'இன்ன எண்ணுடைய நூலகம் கிடைக்கவில்லை' என்பது அவர்கள் காணும் செய்தி. நூலகத்தின் பெயரோடு வரும் எண் அழகுக்கன்று. எண் மாறினால் உள்ளமைப்பும் மாறியது என்பது பொருள். படங்களைப் படிக்கும் லிப்பீஎன்ஜீ நூலகம் 1.2 இலிருந்து 1.6 க்கு டெபியனில் 2017 இல் மாறியபோது இவ்வாறு நின்றுபோன நிரல்கள் பல. புதிய நூலகத்துக்குப் பழைய பெயரைச் சூட்டி நிரலை ஏமாற்றுமாறு சிலர் அறிவுரை கூறுவர். அது கேட்கத்தகாத அறிவுரை. நிரல் திறக்கவுங்கூடும், திறந்து, உள்ளமைப்பு மாறிய இடத்திலே தவறான தரவை எழுதி, வேலையைக் கெடுக்கவுங்கூடும். பழைய நூலகத்தையே தேடிப் பெறுவது நேர்வழி. டெபியன் அமைப்பினர் 2005 முதலான தம் பொதிகளை நாள்வாரியாகக் களஞ்சியப்படுத்தி வைத்திருக்கின்றனர். பழைய பணிசெயல் முறைமை முழுவதையும் மாயக் கணினியொன்றினுள் நிறுவி இயக்கலும் ஆகும். அதனை இணையத்தோடு தொடுக்காதிருத்தல் நன்று, அதன் பாதுகாப்புத் துளைகளை அடைப்பார் இன்று இல்லையாதலின். புதுப்பித்தலையே தவிர்த்துவிடலாமே என்பார்க்கும் இதுவே விடை.

இனி, நண்பரின் நிரல் ஜீ.ரீ.கே. இரண்டாம் பதிப்பிலேயே நிற்பதா? டெபியன் 13 அதனை வைத்திருக்கிறது. பின்வருபவை வைத்திருக்கும் என்று உறுதி கூறுவதற்கில்லை. மூன்றாம் பதிப்புக்கு மாறுவதே தக்கது என்று கூறினேன். நேரே தாவுதல் கூடாது. முதலில் இரண்டாம் பதிப்பிலேயே இருந்துகொண்டு, நூலகத்தின் உள்ளுறுப்புகளை நேரே தொடும் இடங்களையெல்லாம் உரிய செயற்கூறுகளாக மாற்றுதல் வேண்டும். அவ்வுள்ளுறுப்புகளை மறைத்துக் காட்டும் வசதி இரண்டாம் பதிப்பின் பிற்காலத் திருத்தங்களிலேயே உண்டு. படம் வரையும் பகுதியைக் கெய்ரோ நூலகத்துக்கு மாற்றலும் அங்கேயே இயலும். 2005 முதல் அது உடனிருக்கிறது. இவை முடிந்தபின் பதிப்பை மாற்றினால், எஞ்சும் பிழைகள் எண்ணத்தக்கனவாகவே இருக்கும். இரு பதிப்புகளும் ஒரே கணினியில் அருகருகே இருக்கலாம். ஒரே நிரலினுள் இரண்டையும் கலத்தல் மட்டும் ஆகாது. நான்காம் பதிப்பு இன்னும் பெரிய மாற்றம்: நிரலை ஓட்டும் முதன்மைச் சுழற்சியின் பழைய அழைப்பும் சாளரத்துள் உறுப்புகளைச் சேர்க்கும் பொது அழைப்பும் அதில் இல்லை. அசை பிரிக்கும் நிரலுக்கு அத்துணை அவசரமில்லை.

இவ்வேலை மெதுவாக நடப்பதையிட்டு வருந்துவோர் கிம்பின் கதையை நினைத்துக்கொள்ளலாம். எந்த நிரலுக்கென ஜீ.ரீ.கே. ஆக்கப்பட்டதோ அந்த நிரலே மூன்றாம் பதிப்புக்கு மாறி வெளிவந்தது 2025 மார்ச்சில். அதற்குள் நான்காம் பதிப்புக்கு நான்கு வயது கடந்துவிட்டது. நண்பருக்கு இப்போது எஞ்சியிருப்பது வட்ட வரைபடப் பகுதி மாத்திரமே. மூலத்தோடு ஒரு தாளும் வைக்குமாறு கேட்டிருக்கின்றேன்: எந்தப் பணிசெயல் முறைமை, எந்தத் தொகுப்பி, எந்தெந்த நூலகம், அவற்றின் பதிப்பெண் யாவை, தொகுத்த கட்டளை எது என்பன அதில் இருக்கும்.