கொலஸ்ட்ரால் மாத்திரை ஃபிட்ஸைத் தடுக்குமா?

போன வாரம் வெலிங்டன் பஜாரில், மருந்துக்கடை வாசலில் ஒருத்தர் என்னை நிறுத்தினார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நாலு மாசம் முன்னாடி ஸ்ட்ரோக் வந்து இடது கை தளர்ந்திருந்தது. "தம்பி, ஸ்ட்ரோக் வந்தா பின்னாடி ஃபிட்ஸும் வருமாமே? இந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரை அதைத் தடுக்கும்னு படிச்சேன். ரெண்டாப் போட்டுக்கட்டுமா?"

"வேண்டாம் சார்" என்றேன். ஏன் வேண்டாம் என்பதற்குத்தான் இந்தக் குறிப்பு.

அவர் பயம் நியாயமானதுதான். ஸ்ட்ரோக்கில் மூளையின் ஒரு பகுதி செத்துப்போனால் அங்கே தழும்பு விழும். அதைச் சுற்றியுள்ள நரம்பணுக்கள் சீக்கிரம் கிளர்ச்சியடையும். முதல் 7 நாளுக்குள் வரும் வலிப்பு உடனடிக் காயத்தின் விளைவு. அதற்குப் பிறகு ஒருமுறை வந்தாலே அதை வலிப்பு நோய் என்று சொல்ல 2014-ஆம் ஆண்டு வரையறை இடம் கொடுக்கிறது. மறுபடி வரும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

அவர் படித்ததிலும் உண்மை இருக்கு. 2015-ல் 'நியூராலஜி' இதழில் வந்த ஒரு சீன ஆய்வில் 1,832 நோயாளிகள். அதில் முதல் வார வலிப்பு 63 பேருக்கு, வலிப்பு நோய் 91 பேருக்கு. ஸ்ட்ரோக் வந்த உடனே ஸ்டாட்டின் எடுத்தவர்களுக்கு முதல் வார வலிப்பு வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. ஸ்டாட்டின் அழற்சியையும் தணிக்கும் என்பதால் இது நடக்கக்கூடியதே.

ஆனா ஒரு சிக்கல். யாருக்கு மாத்திரை தருவது என்று குலுக்கிப் போட்டுத் தீர்மானித்த ஆய்வு இல்லை இது. பெரிய ஸ்ட்ரோக் வந்து விழுங்கவே முடியாமல் கிடப்பவருக்கு ஸ்டாட்டின் தாமதமாகலாம். வலிப்பு அதிகம் வருவதும் அவருக்குத்தான். அப்போ காப்பாற்றியது மாத்திரையா, ஸ்ட்ரோக் சின்னதாக இருந்ததா? கணக்கு போட்டுச் சரிசெய்யப் பார்ப்பார்கள், முழுசாக முடியாது.

உறுதியாகத் தெரிந்தது வேறு. 2006-ல் வெளிவந்த ஸ்பார்க்கல் ஆய்வு, குலுக்கல் முறையில் 4,731 பேரிடம் நடந்தது. 80 மில்லிகிராம் அடோர்வாஸ்டாட்டின் அடுத்த ஸ்ட்ரோக்கை 16% குறைத்தது. கூடவே மூளை ரத்தக்கசிவு கொஞ்சம் கூடியது. அதனால்தான் அளவை நாமே கூட்டக்கூடாது. நிறுத்தவும் கூடாது. இரண்டாவது ஸ்ட்ரோக் வராமல் இருந்தால் இரண்டாவது தழும்பும் இல்லை.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. ஃபெனிடாயின், கார்பமசெபைன் மாதிரியான வலிப்பு மாத்திரைகள் கல்லீரல் நொதிகளைத் தூண்டிவிடும். சிம்வாஸ்டாட்டினும் அடோர்வாஸ்டாட்டினும் அந்த நொதியால்தான் சிதைகின்றன. ஆக, ஃபிட்ஸுக்குப் போடும் மாத்திரை ஸ்டாட்டினின் வேலையைக் குறைத்துவிடலாம். லெவெடிராசிட்டம் அப்படிச் செய்வதில்லை.

மலையில் இருக்கும் நமக்கு இது எளிதில் நடந்துவிடும். ஸ்ட்ரோக்குக்குக் கோயம்புத்தூரில் ஒரு டாக்டர், ஃபிட்ஸுக்குக் குன்னூரிலோ ஊட்டியிலோ இன்னொருவர். ஒருத்தர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது.

அவரிடம் கடைசியாகச் சொன்னது இதுதான்: "இதுவரை ஃபிட்ஸ் வரலை, அதனால அதுக்குன்னு மாத்திரை இப்போ தேவையில்லாம இருக்கலாம். வந்தா, எல்லா அட்டையையும் ஒரே பையில போட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க சார்."

தலையாட்டினார். ஒரே ஒரு அட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.