புகைபோக்கிக்கு ஒரு பனியன்!

2019 டிசம்பரில் அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வெளியே மைனஸ் 15 டிகிரி! உள்ளே அத்தான் புது விறகு ஸ்டவ் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, பற்ற வைக்காமல் அழகு பார்த்துக்கொண்டிருந்தார்.

"லைனர் போடணும் மாப்ளே!"

பழைய செங்கல் புகைபோக்கிக்குள் மேலிருந்து கீழ்வரை இறக்குகிற குழாய்தான் லைனர். புகைபோக்கிக்குப் பனியன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அத்தான் கையில் இரண்டு விலைப்பட்டியல். அலுமினியம், ரொம்ப மலிவு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், யானை விலை. "பி.காம். படிச்சவன்தானே, நீயே சொல்லு!" என்றார். நானும் கூட்டிக் கழித்து "அலுமினியம்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டேன்.

மறுநாள் புகைபோக்கி சுத்தம் செய்பவர் வந்தார். உள்ளே கேமரா விட்டுக் காட்டினார். சுட்ட மண் ஓடுகளில் வரிவரியாக விரிசல். மேலே தார் மாதிரி கறுப்புப் பிசின். அதன் பெயர் கிரியோசோட். ஈர விறகை எரித்தால், புகை குளிர்ந்து இப்படி ஒட்டிக்கொள்ளுமாம். ஒருநாள் அது பற்றிக்கொண்டால் சூடு 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அலுமினியமோ 660 டிகிரியிலேயே உருகிவிடும். சில வகை கேஸ் ஹீட்டருக்குத்தான் அது லாயக்கு. விறகுக்குக் கூடவே கூடாது!

"இந்தச் சுவருக்குப் பின்னால் யார் படுக்கிறார்கள்?" என்று கேட்டார்.

ஐந்து வயது மகள். கட்டில் சுவரை ஒட்டித்தான். விரிசல் வழியாகக் கார்பன் மோனாக்ஸைடு கசிந்தால் வாசனைகூட வராது. அக்கா ஒன்றும் பேசவில்லை. போய்க் கட்டிலை இழுத்துப் போட்டாள். எனக்கு என் தீர்ப்பு ஞாபகம் வந்து தொண்டை அடைத்தது.

அடுத்தது அளவு. ஸ்டவ்வின் வாய் 6 அங்குல வட்டம், அதாவது 28 சதுர அங்குலம். பழைய புகைபோக்கி 12-க்கு 12, அதாவது 144. ஐந்து மடங்கு! நோஞ்சானுக்குப் பயில்வான் பனியன் மாட்டின கதை. அவ்வளவு இடம் இருந்தால் புகை மெதுவாக ஏறும், குளிரும், பிசின் ஒட்டும். ஆகவே லைனரும் அதே 6 அங்குலம். 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், யூ.எல். 1777 முத்திரை. சுற்றிலும் வெப்பம் தாங்கும் போர்வை. புகையும் குளிராது, பக்கத்து மரச்சட்டமும் சூடாகாது. வருஷத்துக்கு ஒருமுறை சோதனை கட்டாயம். ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் உள்ள விறகு உள்ளே நுழையக் கூடாது.

வேலை முடிந்து பில் வந்தது. அத்தான் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இதைப் பார்த்ததுமே உடம்பு சூடாயிடுச்சு மாப்ளே. ஸ்டவ் எதுக்கு?"

"அப்ப வெளியில போய் விறகு எடுத்துட்டு வாங்க!" என்றாள் அக்கா.