குப்புறக் கவிழ்ந்த போன்

புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடிப் பக்கம் ஒரு வீடு. போனைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு, சாப்பிடாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறாள் ஏழாம் வகுப்புச் சிறுமி. யாரோ அனுப்பிய ஆபாசச் செய்தி. ஏன் வாய் திறக்கவில்லை? திட்டு விழும், போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம்தான்.

ஆபத்தை உணர்ந்ததும் மூளையின் அமிக்டலா அலாரம் அடிக்கிறது, நெஞ்சு படபடக்கிறது. அதை அடக்கும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர ஏறக்குறைய 25 வயதாகிவிடும். ஆனால் பயத்துக்கு வார்த்தை கொடுத்தால் அமிக்டலாவின் கொதிப்பு தணிவதை ஸ்கேன்கள் காட்டியிருக்கின்றன. 2010இல் ஐரோப்பாவின் 25 நாடுகளில் நடந்த ஆய்விலும், இத்தகைய செய்திகளால் நொந்த பிள்ளைகள் பலர் யாரிடமாவது சொன்னார்கள். அனுப்பியவரை பிளாக் செய்தது உதவியது என்றார்கள்.

எனவே பெற்றோரே, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் இருங்கள். செய்தியை அழிக்காதீர்கள், அது சாட்சி. குழந்தைகள் உதவி எண்ணான 1098இல் இரவும் பகலும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது.