கைப்பழக்கமும் காரண அறிவும்

வீடு கட்டுதல், பெரும்பாலான குடும்பங்கள் தம் வாழ்நாளில் ஒரு முறையே மேற்கொள்ளும் பெருஞ் செலவாகும். அச்செலவின் பயன் ஈற்றில் மேசனின் கையிலேயே தங்கியுள்ளது. பொறியியலாளர் வரைபடம் வரையலாம். ஆனால் சீமெந்துக் கலவையில் எவ்வளவு நீர் வார்ப்பது என்பதை வேலைத்தலத்தில் முடிவு செய்பவர் மேசனே. ஆதலின், அவர் தொழில் பயின்ற முறை அவரை மட்டும் பொறுத்த விடயமன்று.

நம் நாட்டில் இத்தொழில் நெடுங்காலமாகப் பார்த்துப் பழகுதலாலேயே பயிலப்பட்டு வந்துள்ளது. இளைஞன் ஒருவன் கையாளாகச் சேர்ந்து, கல் சுமந்து, சாந்து குழைத்து, சில ஆண்டுகளில் தானே சுவர் எழுப்பத் தொடங்குவான். அத்திவாரம் வெட்டுமுன் 3 அடி, 4 அடி, 5 அடி எனக் கயிறு பிடித்து மூலைமட்டம் காண்பது அவ்வாறு வந்த அறிவே. இம்முறை இகழத்தக்கதன்று. எனினும் அதில் ஒரு குறை உண்டு: செய்முறை கைமாறுகின்றது, காரணம் கைமாறுவதில்லை. கொங்கிறீற்று வேலையிலோ காரணம் அறியாமை பெருங் கேட்டை விளைவிக்கும்.

ஓர் உதாரணத்தை நேயர்கள் கவனிக்கலாம். சீமெந்து நீருடன் இரசாயன முறையிற் சேர்ந்தே இறுகுகின்றது. அதற்கு வேண்டிய நீர் சீமெந்தின் நிறையில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கேயாம். கலவை இளகி அச்சினுள் நன்கு படிதற்காகச் சிறிது கூடுதலாகச் சேர்க்கின்றனர். வேலை இலகுவாகும் என்று கருதி மேலும் மேலும் நீர் வார்த்தால், மிகுந்த நீர் பின்னர் ஆவியாகி, நுண்ணிய துவாரங்களை விட்டுச் செல்லும். நீர் மிகுந்தால் வலிமை குன்றும் என்னும் இவ்விதியை அமெரிக்க அறிஞர் டப் ஏப்ரம்சு 1918ஆம் ஆண்டில் வெளியிட்டார். துவாரங்களின் வழியே ஈரமும் காற்றும் புகுந்து உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு பருமனிற் பெருகுவதால் கொங்கிறீற்று வெடிக்கும். கட்டிய அன்று இக்குறை எவர் கண்ணுக்கும் புலப்படாது. வார்த்த தட்டை ஒரு வாரமேனும் ஈரமாக வைத்திராமையும், கடல் மணலை உப்புப்போகக் கழுவாது கலத்தலும் இத்தகைய குறைகளே.

இக்காரணங்களைக் கற்பிப்பதே தொழிற்பயிற்சியின் பணி. இலங்கையில் 1971ஆம் ஆண்டின் தேசிய பயிலுனர் சட்டமும், 1990ஆம் ஆண்டின் மூன்றாம் நிலை, தொழிற்கல்விச் சட்டமும், 1995ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சி அதிகாரசபைச் சட்டமும் இதற்கு வழி வகுத்தன. பின்னர் ஏற்படுத்தப்பட்ட தேசிய தொழிற் தகைமை முறை ஏழு மட்டங்களைக் கொண்டது. அதன் சிறந்த கூறு யாதெனின், இருபது ஆண்டு அனுபவமுள்ள மேசன் மாணவனைப்போல் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. மதிப்பீட்டாளர் முன்னிலையில் தம் வேலையைச் செய்து காட்டி, வினாக்களுக்கு விடையளித்து, முன்னரே பெற்ற திறமைக்குச் சான்றிதழ் பெறலாம். குறை காணப்படும் பகுதியை மட்டும் பயின்றாற் போதும். உள்நாட்டிற் கூலி பேசும்போதும், வெளிநாட்டு வேலை தேடும்போதும் அச்சான்றிதழ் அவருக்குத் துணை நிற்கும்.

எனினும் நாட்கூலி பெறுபவருக்கு வகுப்பில் இருக்கும் நாள் அடுப்பெரியாத நாளாகவும் ஆகலாம். பயிற்சிக்கு வருவோர் தயங்குவது அறிவில் ஆர்வமின்மையால் அன்று. அன்றைய உணவை எண்ணியே. ஆதலின், பயிற்சியை வேலைத்தலத்துக்கே கொண்டு செல்லுதலும், பயிலும் நாட்களுக்குப் படி வழங்குதலும் அவசியமாம். வீடு கட்டுவிப்போருக்கும் இதிற் பங்குண்டு. மலிந்த கூலியை மட்டும் தேடாது, பயின்றவருக்கு உரிய கூலியை மனமுவந்து கொடுப்பார்களாயின், பயிற்சி நிலையங்களை நாடுவோர் தாமாகவே பெருகுவர்.