உறுதியில் ஒரு வரி

மாத்தளை டவுனில் ஒரு சின்ன வீடு, ரத்தோட்டைப் பக்கம் அரை ஏக்கர் மிளகு. வயதான தாய் தகப்பனுக்கு இருப்பது அவ்வளவுதான் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவிலிருந்து மகன் பேசுகிறான்: "அப்பா, ஒரு டிரஸ்ட் போட்டிருங்க. இல்லாட்டி கடைசி காலத்துல நேர்சிங் ஹோமுக்கே எல்லாம் போயிரும்."

அவன் இருக்கும் நாட்டில் அந்தப் பயம் நியாயமானது. அங்கே நீண்டகாலப் பராமரிப்புக்கு மெடிக்கெய்ட் என்ற அரசாங்க உதவி கேட்டால், கடந்த 60 மாதங்களில் சொத்தை யாருக்குக் கொடுத்தீர்கள் என்று பெரும்பாலும் தோண்டிப் பார்ப்பார்கள். இங்கே அப்படியொரு கணக்கு இல்லை. நம்மூரில் ஆபத்து வருவது வேறு வாசலால். பிள்ளையின் பெயருக்கு வீட்டை எழுதிக்கொடுத்த மறுவருடம் அம்மாவின் பாய் விறாந்தைக்கு வந்துவிடுகிறது.

காரணம், நன்கொடை உறுதி லேசில் திரும்பி வராது. "பக்கத்து வீட்டு ஐயா கொடுத்ததைத் திருப்பி எழுதிக்கொண்டாரே" என்று நீங்கள் கேட்கலாம். அவர் கண்டிச் சிங்களவராக இருந்தால் அவருக்குக் கண்டியச் சட்டம். 1938ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, 'இரத்துச் செய்யமாட்டேன்' என்று உறுதியிலேயே எழுதியது, கலியாணத்தை முன்னிட்டுக் கொடுத்தது போன்ற சில விலக்குகள் நீங்கலாக, கொடுத்தவரே அதை இரத்துச் செய்யலாம். மலையகத் தமிழருக்கு அந்த வசதி இல்லை. நமக்கு உரோம-டச்சுச் சட்டம். முஸ்லிம் குடும்பங்களின் நன்கொடைக்கு இன்னொரு சட்டம். ஒரே வேலியின் இரண்டு பக்கத்திலும் இரண்டு சட்டம் என்பதுதான் மாத்தளை.

நாம் திரும்பப் பெறுவதென்றால் பெரும் நன்றிகேட்டை மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். நீதிமன்றக் கட்டளை இல்லாமல் இந்தக் காரணத்துக்காக இரத்துச் செய்ய முடியாது என்று 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. எழுபது வயதில் பெற்ற பிள்ளைக்கு எதிராகக் கூண்டில் ஏற எத்தனை தாய்மார் துணிவார்கள்?

ஆகவே கையெழுத்து வைக்குமுன் கேட்க வேண்டியது சீவிய உரித்து. சொத்து பிள்ளைக்குப் போகும்; ஆனால் பெற்றோர் இருவரும் கண்மூடும்வரை அங்கே குடியிருக்கவும் மிளகை ஆய்ந்து விற்கவும் அவர்களுக்கு உரிமை இருக்கும். பிள்ளை காணியை விற்றாலும், வாங்குகிறவர் அந்த உரித்தோடுதான் வாங்குகிறார். 'இருவரில் எஞ்சியிருப்பவருக்கும்' என்று சேர்த்து எழுத மறந்தால், அப்பா போனபின் அம்மாவின் பாடு சிக்கல். இன்னும் எளிய வழி, இப்போது எதையும் கொடுக்காமல் மரணசாதனம் எழுதிவைப்பது. அதை எப்போதும் மாற்றலாம்.

டிரஸ்டும் இங்கே இல்லாத பொருளல்ல. 1917ஆம் ஆண்டிலிருந்தே நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளை ஒன்று இருந்தால் அது உதவும். ஒரு வீட்டுக்கும் அரை ஏக்கருக்கும் அது அதிகப்படி என்பது என் எண்ணம்.

தம்புள்ளை, கலேவெலப் பக்கத்து அரசாங்க அளிப்புக் காணி என்றால் கதை வேறு. பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் அதைக் கைமாற்ற முடியாது. பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்கலாம்.

லயத்து அறையை எழுதிக்கொடுக்க எந்த உறுதியும் இல்லை. தோட்டத்தில் ஓய்வுபெற்றவரின் சொத்து ஊழியர் சேமலாப நிதியும் பணிக்கொடையும்தான். நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாட் சம்பளம் என்றால், முப்பது வருடம் கொழுந்து பறித்தவருக்கு 420 நாட் சம்பளம். அந்தக் காசு பெரும்பாலும் ஒரே மாதத்தில் மகனின் முச்சக்கர வண்டியாகிவிடுகிறது. தன் பெயரில் மட்டும் நிலையான வைப்பில் போடுங்கள். யாராவது ஒருவர் கையெழுத்திட்டாலே எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்கு வேண்டாம்.

எல்லாம் கொடுத்துவிட்டு நிற்பவருக்கும் ஒரு கதவு இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டப்படி, தம்மைப் பராமரிக்க வழியில்லாத அறுபது வயதைத் தாண்டிய பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து மாதப்படி பெற்றுத்தரும்படி பராமரிப்புச் சபையிடம் கேட்கலாம். பிரதேச செயலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

நொத்தாரிசிடம் போகும்போது ஒன்று. மாத்தளையில் உறுதி பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும். பிள்ளை கூட்டிப்போகும் நொத்தாரிசிடம் அல்ல, நீங்கள் தேடிய ஒருவரிடம் போய், தமிழில் வாசித்து விளக்கச் சொல்லுங்கள். சீவிய உரித்து வரி எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டிய பிறகு பேனாவை எடுங்கள்.