மூணு விரல் தடிமனில் ஒரு கறி!

எங்கள் ஆபீஸ் காட்டுப்பள்ளியில் இருக்கிறது. அது எங்கே என்று கேட்பவர்களுக்கு... எண்ணூர் முகத்துவாரத்தைத் தாண்டி வடக்கே போனால், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி, நடுவில் ஒரு மணல் துண்டு. அதன் மேல் ஒரு துறைமுகம், ஒரு கப்பல் கட்டும் தளம், எண்ண முடியாத அளவுக்கு டிரைலர் லாரிகள். அந்த லாரிகளுக்கு நடுவே டூவீலரில் புகுந்து புகுந்து தினமும் திருவொற்றியூரிலிருந்து போய் வருகிற ஆசாமி நான். முதுகெலும்பு இன்னும் இருக்கிறதா என்று சனிக்கிழமைதோறும் தடவிப் பார்த்துக்கொள்வேன்.

2022 ஆகஸ்ட் 7-ம் தேதி, எங்கள் காட்டுப்பள்ளியில் இருக்கும் எல் அண்ட் டி தளத்துக்கு 'சார்லஸ் ட்ரூ' என்ற அமெரிக்கக் கப்பல் வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று ரிப்பேருக்காக இந்தியாவுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. பேப்பரில் எல்லாம் வந்தது. ராத்திரி வீட்டுக்கு வந்ததும் நைனாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"சண்டைக் கப்பலாடா?"

"இல்ல நைனா. சண்டைக் கப்பலுங்களுக்கு சாப்பாடு, சரக்கு எல்லாம் கொண்டும்போயி குடுக்கிற கப்பல்."

"அப்போ உள்ள பெரிய கறி இருக்கும்" என்றார் நைனா.

நைனா 1970களில் மெட்ராஸ் ஹார்பரில் மூட்டை இறக்கியவர். 1983-ல் கன்டெய்னர் டெர்மினல் வருவதற்கு முந்தைய காலம். எல்லாமே முதுகில்தான். அப்போது ஒரு நாள் நைட் ஷிப்ட். கப்பலின் அடியில் இவர்கள் உர மூட்டை தூக்கிக்கொண்டிருக்க, மேலே ஒரு வெளிநாட்டுச் சமையல்காரன் கறித்துண்டு ஒன்றைக் கம்பி மேல் போட்டுச் சுட்டானாம்.

"இம்மாந் தடிமன்!" மூன்று விரலைச் சேர்த்துக் காட்டினார். "எலும்போட. ஒரே துண்டு. வாசனை அடி வரைக்கும் வந்துச்சு."

"சாப்ட்டியா?"

"யார்ரா குடுப்பா?" என்று சிரித்துவிட்டு டி.வி. பக்கம் திரும்பிவிட்டார். அம்பது வருஷமாக ஒரு வாசனையை ஞாபகம் வைத்திருக்கிறார் மனுஷன். ஒரு நாள் நம்ம வீட்டு மொட்டை மாடியிலேயே சுட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு பண்ணினேன்.

முடிவு பண்ணுவதில் நான் சூரன். செய்வதற்கு ரெண்டு வருஷம் ஆயிற்று. அதற்குள் நைனாவுக்குக் கடைவாய்ப் பல் நாலு போய்விட்டது.

முதலில் அடுப்பு. தளத்தில் வெல்டராக இருக்கும் நண்பனிடம் போனேன். பாதியாக வெட்டிய இரும்பு டிரம்மைக் கழுவி, நெருப்பில் காட்டி, கால் வைத்துக் கொடுத்தான். மேலே போட நான் வாங்கிப்போன பளபள கம்பி வலையைப் பார்த்ததும் முறைத்தான்.

"மச்சான், இது கால்வனைஸ் பண்ணது. மேல இருக்கிறது துத்தநாகம். நெருப்புல காஞ்சா புகை வரும். இதை வெல்டிங் அடிச்சுட்டு ராத்திரி குளிர் ஜுரத்துல கிடந்தவன்டா நான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்கு." வாங்கினேன். வாசகர்களும் அப்படியே செய்யவும்.

அடுத்து கறிக்கடை. ஞாயிறு காலை ஆறு மணி. கடைக்கார பாய்க்குக் கையில் கத்தி, எதிரே புளியங்கட்டை. எதைக் கொடுத்தாலும் கண் இமைக்கும் நேரத்தில் குழம்புத் துண்டாக்கிவிடும் கை அது.

"வெட்டாதீங்க பாய்! முதுகுப் பக்கம் விலா எலும்போட, மூணு விரல் தடிமன்ல ஒரே துண்டா வேணும்."

"ஒரே துண்டா? வூட்ல கத்தி இல்லியா?" என்றார் பாய், நிஜமான கவலையோடு.

ஒன்றேகால் கிலோ. வீட்டுக்கு வந்து யூடியூப் வீடியோவில் சொன்னபடியே செய்தேன். உப்பு, மிளகு, நல்ல தணல், பக்கத்துக்கு நாலு நிமிஷம். மேலே அப்படியே சினிமா மாதிரி நிறம். கீழ் வீட்டு அக்கா மாடியில் காயப்போட்ட வடகத்தில் என் புகை ஏறிவிட்டதாக அவர் சண்டைக்கு வந்ததைக்கூட நான் பொருட்படுத்தவில்லை. பெருமையோடு நைனா தட்டில் வைத்தேன்.

நைனா மென்றார். இந்தப் பக்கம் மென்றார். அந்தப் பக்கம் மென்றார். விளம்பர இடைவேளையே முடிந்துவிட்டது. கடைசியில் நான் பார்க்கவில்லை என்று நினைத்து, வாயிலிருந்து எடுத்துத் தட்டு ஓரமாக ஒளித்து வைத்தார். "நல்லாத்தான்டா இருக்கு" என்றார்.

சமையல் கெட்டதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த 'நல்லாத்தான்' இருக்கிறதே... அதுதான் ரெண்டு நாள் தூங்கவிடவில்லை.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். இந்தியக் கப்பல்களில் சமையல்காரரைப் பண்டாரி என்பார்கள். முப்பது வருஷம் பண்டாரியாக உலகம் சுற்றியவர். நான் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மாட்டுக்கு வயசு இன்னா?"

நான் முழித்தேன். வீடியோவில் யாரும் அதைச் சொல்லவில்லையே!

விஷயம் இதுதான் சார். அமெரிக்காவில் கறிக்கென்றே வளர்க்கும் மாட்டை ஏறக்குறைய ஒன்றரை, ரெண்டு வயசில் வெட்டிவிடுகிறார்கள். உட்கார்ந்து தின்று கொழுத்த இளவட்டம். நம்ம ஊரிலோ 1958-ம் வருஷச் சட்டப்படி, மாடு பத்து வயசைத் தாண்டியிருக்க வேண்டும், வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் லாயக்கில்லை என்று சர்ட்டிபிகேட் வேண்டும். எருமைக்கும் இதே கதைதான். அதாவது, நம் தட்டுக்கு வருவது ஏர் உழுது, வண்டி இழுத்து, பால் கறந்து, முறைப்படி ரிட்டயர்ட் ஆன உருப்படி. பி.எஃப். செட்டில்மென்ட் மட்டும்தான் பாக்கி!

வயசாக ஆக, சதை இழைகளைக் கட்டி வைத்திருக்கும் கொலாஜன் என்ற சவ்வு இறுகிக்கொண்டே போகிறது. இளம் மாட்டில் சீக்கிரம் இளகும். கிழட்டு மாட்டில் மணிக்கணக்காகக் காய்ச்சினால்தான் வழிக்கு வரும். வெளிநாட்டில் இன்னொரு சௌகரியம், வெட்டிய கறியைக் குளிர் அறையில் ரெண்டு, மூணு வாரம் வைத்திருப்பார்கள். சதையில் இருக்கும் நொதிகளே அதை மெதுவாக இளக்கிவிடும். இங்கே விடியற்காலை வெட்டியது ஏழு மணிக்கு நம் பையில். விறைப்பே இன்னும் விட்டிருக்காது.

"வயசு அவ்ளோ முக்கியமா மாமா?" என்றேன். இத்தாலிக் கதையைச் சொன்னார். ஃப்ளோரன்ஸ் நகரத்தில் 'பிஸ்டெக்கா' என்று எலும்போடு சுடும் தடித் துண்டு பிரசித்தம். மாட்டுப் பைத்திய நோய் பயத்தில், ஒரு வயசுக்கு மேற்பட்ட மாட்டின் முதுகெலும்போடு சேர்ந்த கறிக்கு 2001-ல் ஐரோப்பிய யூனியன் தடை போட்டது. அசல் பிஸ்டெக்கா ஊருக்குத் திரும்ப 2006 ஆயிற்று. அங்கேயும் சட்டம் பார்த்தது வயசைத்தான்.

"அவன் அடுப்பைக் காப்பி அடிக்காத. அவன் மாடு வேற, உன் மாடு வேற. நீ நம்ம மாட்டுக்கு ஏத்த மாதிரி சுடு" என்று சொல்லி, முறையைச் சொல்லிக் கொடுத்தார். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே கறி வாங்கிவிடுங்கள். விலா எலும்போடு அஞ்சு சென்டிமீட்டர் தடிமன். ஈரத்தை ஒற்றி எடுத்து, கிலோவுக்கு ரெண்டு டீஸ்பூன் உப்பு தடவி, தட்டில் வைத்து, ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் ஞாயிறு வரை விடுங்கள். உப்பு உள்ளே போகும், மேல்பக்கம் காயும். காய்வது முக்கியம். கறி சிவக்க மேல்புறத்தில் 140 டிகிரி சூடாவது வேண்டும். ஈரமிருந்தால் தண்ணீர் ஆவியாகும் வரை அது 100 டிகிரியைத் தாண்டாது. சிவக்காது, அவியும்.

ஞாயிறன்று பச்சைப் பப்பாளியைத் தோலோடு அரைத்து, ஒரு டேபிள்ஸ்பூன் மெல்லிசாகப் பூசி, ஒரு மணி நேரம் கழித்து வழித்துத் துடைத்துவிடுங்கள். நம் பாட்டிகளுக்குத் தெரிந்த வித்தைதான். ராத்திரி முழுக்க விட்டால் மேலே கூழாகிவிடும். ஜாக்கிரதை.

கரி? இஸ்திரிக்காரரிடம் கேட்டால் கடை சொல்வார். தென்மாவட்டத்துச் சீமைக்கருவேலங் கரி நன்றாக நின்று எரியும். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், கறி மண்ணெண்ணெய் வாசனை அடிக்கும். மொட்டை மாடியில்தான் சுட வேண்டும். மூடிய அறையில் கரி எரித்தால் கார்பன் மோனாக்சைடு, வாசனையே இல்லாமல் ஆளை முடித்துவிடும்.

தணலை டிரம்மின் ஒரு பாதியில் மட்டும் குவியுங்கள். சாம்பல் பூத்ததும், கறியை நெருப்பில்லாத பாதியில், எலும்பு நெருப்பைப் பார்க்கும்படி வையுங்கள். எலும்பு ஒரு தடுப்புச் சுவர் மாதிரி சதையைக் காப்பாற்றும். மேலே பழைய அலுமினிய அண்டாவைக் கவிழ்த்து மூடுங்கள். ஒரு மணி நேரம் புகை பிடிக்கட்டும். பிறகு ரெண்டு சுற்று அலுமினியத் தாளில் அரை டம்ளர் தண்ணீரோடு சுருட்டி, அதே இடத்தில் இன்னும் ரெண்டு, ரெண்டரை மணி நேரம். முக்கால் மணிக்கு ஒரு தடவை கரி போட வேண்டும். குச்சியால் குத்தினால் அவித்த உருளைக்கிழங்கில் போவது மாதிரி போக வேண்டும். அதுதான் கணக்கு, கடிகாரம் இல்லை.

கடைசியில்தான் நெருப்பு! தாளைப் பிரித்து, ஈரம் துடைத்து, புதுத் தணலுக்கு நேர் மேலே பக்கத்துக்கு ரெண்டு நிமிஷம். முதலில் சுட்டால் சாறு உள்ளேயே பூட்டிக்கொள்ளும் என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லீபிக் என்ற ஜெர்மன் விஞ்ஞானி கிளப்பிவிட்ட எண்ணம் அது. பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. சுடுவது நிறத்துக்கும் ருசிக்கும்தான். உள்ளே சிவப்பாக, அரைவேக்காட்டில் சாப்பிடும் ஆசையை விட்டுவிடுங்கள். திறந்த கடையில் தொங்கிய கறிக்கு முழு வேக்காடுதான் நல்லது.

இறக்கிப் பத்து நிமிஷம் கழித்து, இழைக்குக் குறுக்கே வெட்டுங்கள். மிளகு, எலுமிச்சை, வெங்காயம். போதும். மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் எலும்போடு ஆட்டுத்தொடையை இதே போலச் செய்யலாம். இளம் ஆடாக இருந்தால் பப்பாளி வேண்டாம், நேரமும் குறையும்.

ரெண்டாவது தடவை. காலை பத்து மணிக்கு ஆரம்பித்தேன். கடல்காற்று கிளம்பினால் புகை மேற்கே போகும் என்று கணக்குப் போட்டு, அடுப்பை மேற்கு ஓரமாக வைத்தேன். கீழ் வீட்டு அக்காவிடம் வடகத்தை எடுத்துவிடும்படி முன்கூட்டியே விண்ணப்பம் கொடுத்து, ஒரு பங்கு தருவதாகவும் ஒப்பந்தம்.

நைனா பேப்பர் படிக்கிற சாக்கில் மாடிக்கு வந்து உட்கார்ந்துகொண்டார். ஒரு மணி நேரமாக அதே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். கடைசியில் தாளைப் பிரித்துத் தணல் மேல் போட்டேன். கொழுப்பு சொட்டிச் சீறியது. புகை மேலே எழும்பியது.

நைனா பேப்பரை மடித்தார்.

"இந்த வாசனைதான்டா" என்றார்.

மெல்லிசாக வெட்டித் தட்டில் வைத்தேன். மென்றார். இந்தத் தடவை தட்டு ஓரம் காலியாகவே இருந்தது. அப்புறம் எலும்பைக் கையில் எடுத்தார். பேச்சே இல்லை. முழுசாக வழித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். நான் ஆவலோடு முகத்தைப் பார்த்தேன். ஒரு பாராட்டு வராதா?

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றார்.

அப்பாடா! நிஜத்தைச் சொல்லிவிட்டார். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.